பெயர் சொல்லாத பொத்தான்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், மட்டாஞ்சேரியில் நடந்தது இது. ஒரு மசாலாக் கடையின் பின்கட்டில் மிளகும் ஏலக்காயும் பொட்டலம் போடுவது என் வேலை. முப்பது வயதுக்கு மேல் கண் பார்வை போய்விட்டது. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். தனிக்கட்டை. ஆட்களோடு பேச எப்போதும் கூச்சம்தான்.

வேலை முடிந்து அறைக்கு வந்ததும் பழைய தமிழ்ப் பாட்டுகள் போடும் ஓர் இணைய வானொலியைக் கேட்பேன். திரையில் விரலை வைத்தால் அங்கே இருப்பதைக் கைபேசி படித்துச் சொல்லும். வாயால் சொன்னால் எழுதியும் விடும். அந்த வானொலியின் பக்கத்தில் நேயர்கள் எழுதிப் பேசிக்கொள்ள ஒரு பெட்டி உண்டு. எல்லோரும் புனைபெயரில்தான் வருவார்கள். எனக்குக் கண் தெரியாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அங்கேதான் அவர் அறிமுகமானார். எங்களுக்கு அக்கரையில் உள்ள வைப்பின் தீவில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண். கணவர் இறந்து பல வருடமாகிறது. இருவர் மட்டும் பேசும் வசதியும் அந்தப் பெட்டியில் இருந்தது. ஐஸில் விரல் மரத்துப்போவதை அவர் எழுதுவார். எத்தனை சோப்பு போட்டாலும் சட்டையில் ஏலக்காய் வாசனை போகாததை நான் எழுதுவேன். பெரிதாக வேறொன்றும் இல்லை. ஆனாலும் பகலெல்லாம், சாயங்காலம் எப்போது வரும் என்றிருந்தது.

ஒரு நாள் அவர் இப்படிக் கேட்டிருந்தார்: "ஞாயித்துக்கிழமை லீவு. போட்ல அக்கரைக்கு வரட்டுமா? போட் ஜெட்டில நிப்பீங்களா? நீங்க சொன்னாத்தான் வருவேன்."

அன்றைக்கென்று பார்த்துப் பெட்டி மாறியிருந்தது. இந்த மாதிரிப் பெட்டியை வேறு ஒரு கம்பெனி செய்து கொடுக்க, இணையதளக்காரர்கள் வாங்கித் தங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்களாம். புதுப் பெட்டியிலும் அவர் எழுதியதைக் கைபேசி படித்தது. நான் பதில் எழுதவும் முடிந்தது. அனுப்பும் பொத்தானைத்தான் காணோம். கண் உள்ளவர்களுக்கு அங்கே ஓர் அம்புக்குறி தெரியுமாம். என் விரல் அதன் மேல் போனாலும் கைபேசி வாய் திறக்கவில்லை. தட்டினாலும் ஒன்றும் நடக்கவில்லை.

"கண்டிப்பா வாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். எனக்குக் கண்ணு தெரியாது." இதை எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் திரையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள், என்னோடு வேலை பார்க்கும் மலையாளிச் சேட்டனிடம் கைபேசியை நீட்டினேன்.

"இத்ரயே உள்ளோ? இங்கு தா அண்ணாச்சீ, ஞான் அமுக்கித் தராம்" என்று, இவ்வளவுதானே, தானே அழுத்தித் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் கொடுத்தேன். ஆனால் கைபேசி படித்துச் சொல்லும் வசதியை அணைக்க மறந்துவிட்டேன். அவர் விரல் பட்டதுமே, நான் எழுதியதையெல்லாம் கைபேசி கடை முழுக்கக் கேட்கும்படி படித்தது.

"அம்போ! ஆரா அண்ணாச்சீ வருன்னது?" என்று, வருவது யார் எனக் கேட்டுச் சேட்டன் கத்தினார்.

சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்த தமிழ்க்கார அக்கா, "முடிக்குச் சாயம் அடிச்சிட்டுப் போங்கண்ணே!" என்றார். கடையே சிரித்தது.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இருந்தாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கைபேசியைப் பிடுங்கினேன். பிடுங்கியதில் எழுதியதெல்லாம் அழிந்துபோனது. ஒரு பாட்டைப் போடச் சொல்லி எழுதியிருந்தால் யார் விரலாலும் அனுப்பியிருப்பேன். இதை இன்னொரு தரம் யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பதில் சொல்லாமலேயே படகுத்துறைக்குப் போனேன். ஒவ்வொரு போட் வரும்போதும் காலடிச் சத்தங்களுக்கு நடுவே ஒரு தமிழ்க் குரல் கேட்கிறதா என்று நின்றேன். மழை வலுக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

பிறகுதான் துணிந்து வானொலிக்காரருக்குப் போன் செய்தேன். அவர் பெட்டி செய்த கம்பெனிக்குச் சொல்ல, அங்கிருந்து ஒரு பெண் என்னைக் கூப்பிட்டார்.

"சார், விரலை மெதுவா வலது பக்கம் நகர்த்துங்க. என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலைம்மா."

"இன்னொரு தரம் பாப்போம் சார்."

இப்படியே பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். பக்கத்தில் இருப்பவர்களை அழுத்தச் சொல்லுங்கள் என்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவர் சொல்லவில்லை.

"எங்க தப்புதான் சார். எழுதினவங்களே அனுப்பணும்ல? உங்களுக்குன்னு தனிப் பெட்டி எதுக்கு? எல்லாருக்கும் இருக்கறதையே சரியாச் செய்யறோம்" என்றார். பிறகு, "ரொம்ப அவசரமா சார்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் அவசரம்தாம்மா."

என்ன அவசரம் என்று அவர் கேட்கவில்லை.

அவர்கள் சரிசெய்வதற்குள் வைப்பின்காரரிடமிருந்து கடைசியாக ஒன்று வந்தது: "உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னு புரிஞ்சுக்கிட்டேன். குஜராத்துல ஒரு ஷெட்டுக்கு எங்களைக் கூட்டிட்டுப் போறாங்க. உடம்பப் பாத்துக்குங்க."

சில நாள் கழித்து ஒரு மாலை, அந்த இடத்தில் விரல் போனதும் கைபேசி, "அனுப்பு, பொத்தான்" என்றது. நடந்ததையெல்லாம் சொல்லி எழுதி, நானே தட்டி அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை. குஜராத்திலும் அவர் அந்த வானொலியைக் கேட்கிறாரா என்று தெரியவில்லை. அந்த வாரமே வேறு யாரோ ஒருவர் பெட்டியில், "எனக்கும் கண் தெரியாது, இத்தனை நாள் கேட்க மட்டும்தான் முடிந்தது, இன்றுதான் எழுதுகிறேன்" என்று வணக்கம் சொல்லியிருந்தார். கைபேசியைத் திரும்பத் திரும்ப அதைப் படிக்கச் சொன்னேன்.

இன்றைக்கும் மாலையில் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். பதில் வராத வருத்தத்தைக்கூட எப்படியோ தாங்கிக்கொள்ள முடிகிறது, சொல்ல ஆசைப்பட்ட பதில் கையில் இருந்தும் அவரிடம் சேர்க்க வழியில்லாமல் தவித்த அந்த நாட்களைத்தான் தாங்க முடியவில்லை.