பாவுக்குக் காய்ச்சிய கஞ்சி

ஜெர்மன்காரன் கப்பல் சென்னைப்பட்டணத்தில் குண்டு போட்ட வாரம் அது. பயந்து ஓடிவந்த சனங்கள் எங்கள் காஞ்சிபுரத்துத் தெருவிலும் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கோ, தறியில் ஏற்றுவதற்காகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டு நூல் பாவு காத்திருந்தது. அன்றைக்கே கஞ்சி போட்டால்தான் முகூர்த்தத்துக்குள் புடவை நெய்ய முடியும். வீட்டில் மிஞ்சிய அரிசியைக் காய்ச்சிப் பானையோடு வந்தேன்.

தங்களுக்குத்தான் என்று நினைத்து, கைக்குழந்தையோடு ஒருத்தி சொம்பை நீட்டினாள்.

"இது நூலுக்கும்மா" என்றேன் வெடுக்கென்று.

"நூலுக்கா? ஊத்துப்பா. அது குடிச்சிட்டு மிச்சம் வச்சா எங்களுக்குக் குடு."

சிரித்தபடி விலகி வழிவிட்டாள். ஒரு கை கஞ்சியை நூலில் தடவினேன். சொட்டிய ஒவ்வொரு துளியையும் அந்தக் குழந்தையின் கண் தரைவரை கொண்டுபோய் விட்டது. என் கை நின்றுவிட்டது. பானையை அவள் சொம்பில் சாய்த்தேன். பிறகு, பின்னால் நின்றவர்களுக்கும்.

ஒரு வாய் குடித்தவள், "உப்பு போடலியாப்பா?" என்றாள்.

ஓடிப்போய் உப்பு கொண்டுவந்தேன். அந்தப் புடவை முகூர்த்தத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இப்போதும் பாவுக்குக் கஞ்சி கொதிக்கையில் என் கை தானாக உப்புச் சட்டிக்குப் போகும். "நூலுக்கா உப்பு போடப் போறீங்க?" என்று சம்சாரம் கேலி செய்வாள். கையை எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் அந்தச் சொம்பு என் கண்முன் ஒருமுறை நீண்டுவிடுகிறது.