நாற்பது முகங்களும் முப்பத்திரண்டு எம்.பி.யும்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் நான் டைப்பிங் கடை வைத்திருந்தேன். பத்தாவது வரை படிப்பு, டைப்ரைட்டிங்கில் ஹையர், நாற்பது வயதில் வாங்கிய ஒரு பழைய கம்ப்யூட்டர், இவைதாம் என் மூலதனம். இவற்றோடு கூச்சம் நிறைய இருந்தது. ஒருவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்வதைவிட, முடியாத வேலையை வாங்கி வைத்துக்கொண்டு நாலு நாள் சாப்பிடாமல் இருப்பது எனக்குச் சுலபம்.

அந்தக் கம்ப்யூட்டர் ஏனாத்தூர் பக்கம் ஓர் ஆபீஸில் வேண்டாமென்று கழித்துப் போட்டது. விண்டோஸ் தொண்ணூற்றெட்டு, முப்பத்திரண்டு எம்.பி. மெமரி. மனு, வாடகைப் பத்திரம், லீவ் லெட்டர், இவ்வளவுதான் அதனிடம் கேட்பேன். அதுவும் முனகாமல் செய்யும்.

மாகறலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. திருப்பணிக் கமிட்டித் தலைவர் பத்திரிகை வேலையை என்னிடம் கொடுத்தார். நெல் விவசாயி. ஆறடி ஆள், குரல் மட்டும் மெல்லியது. உபயதாரர்கள் நாற்பது பேரின் பெயர்களை அடித்து முடித்திருந்தேன். வெள்ளிக்கிழமை அதைக் காஞ்சிபுரம் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை காலை அவர் ஒரு சி.டி.யோடு வந்து நின்றார்.

"போட்டோவும் போட்ரும்மா. பேருக்கு மேல அவங்கவங்க மூஞ்சி வரணுமாம்."

"எத்தினி பேருதுண்ணே?"

"மொதல்ல ஒருத்தர் கேட்டாரு. இப்ப நாப்பது பேரும் கேக்கறாங்கோ. முடியும் இல்ல?"

"முடியும்ணே."

ஆறு முகங்கள் வரை கம்ப்யூட்டர் பொறுத்துக்கொண்டது. ஏழாவது முகம் மூக்கு வரை வந்து நின்றது. போதிய மெமரி இல்லை, மற்ற வேலைகளை மூடிவிட்டுப் பார் என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழுந்தது. திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினேன். திரையில் இருந்த பூப் படத்தை எடுத்தேன். சீட்டாட்டத்தை அழித்தேன். கடைசியில் கடையின் ரேடியோவையும் நிறுத்தினேன். அது எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏழாவது ஆள் மூக்குக்குக் கீழே இறங்கவே இல்லை.

பக்கத்து ஜெராக்ஸ் கடை பாய் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, தொண்ணூத்தெட்ட வச்சிக்கினு நாப்பது போட்டோவா? புது விண்டோஸ் எக்ஸ்பி போட்டுக்கலாம், சி.டி. என்கிட்ட கீது. ஆனா அதுக்கு இந்த மெமரி பத்தாது. நூத்தி இருபத்தெட்டுல ஒண்ணு வாங்கியா."

அன்றே காஞ்சிபுரம் போய் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் தொடமாட்டோம். மிக்சி, சைக்கிள், கால்குலேட்டர் எல்லாம் பொட்டு வாங்கியவைதான். மெமரி என்பது விரல் நீளப் பச்சைத் தகடு. அதன் ஓர் ஓரத்தில் மட்டும் பொன் நிறத்தில் வரிசையாகப் பற்கள். பொட்டு வைக்க அதைவிட லட்சணமான இடம் இருக்குமா? பல் வரிசை முழுக்கச் சந்தனம் இழுத்து, நடுநடுவே குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, செவ்வாய்க்கிழமை நல்ல நேரம் பார்த்துச் சொருகினேன்.

கம்ப்யூட்டர் நீளமாகக் கூவியது. நிறுத்திப் போட்டேன். மறுபடியும் கூவியது. பழைய தகட்டைச் சொருகினால் ஒழுங்காக ஓடியது. கடைக்காரர் சொத்தையைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்தேன். புதன்கிழமை அவரிடம் சண்டை போடப் புறப்பட்டுப் போனேன். கடையில் கூட்டம். எதிர்ப்பக்கம் நின்று ஒரு டீ குடித்து, ஒரு பேனா வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

வியாழக்கிழமை தலைவர் வந்தபோது எனக்கு அழுகை முட்டியது.

"தாங்கலண்ணே. ஆறு மூஞ்சிக்கு மேல மிஷின் தாங்கல."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நெசமாவா? மெய்யாலுமே தாங்கலயா?"

"மெய்யாலும்ண்ணே."

"நல்லா இருப்பம்மா நீ! பங்காளிங்க ரெண்டு பேரு, எம்மூஞ்சி மேலயா அவன் மூஞ்சி மேலயான்னு அடிச்சிக்கினு கீறாங்கோ. ஒருத்தன் கமிட்டிய விட்டே போறன்றான். போட்டோ வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. இப்ப மிஷின் தாங்கலன்னு சொல்லிட்றேன். நீயும் அதையே சொல்லு. ஒரே ஒரு மூஞ்சி உள்ள வந்தாலும் கும்பாபிஷேகம் நின்னு பூடும்."

ஆறடி மனிதரும் என் ஜாதிதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூச்ச ஜாதி.

அவர் போனதும் பாய் வந்தார். மேசைமேல் கிடந்த தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னாக்கா இது, பல்லெல்லாம் குங்குமம்?"

"பூஜை போட்டேன் பாய்."

"அந்தப் பல்லு வழியாத்தான் கரண்டே போவும்! அதும் வாயில சந்தனத்த அப்பிட்டு, பேசலயேன்னா?"

சிரிப்பு அடங்கியதும் பென்சில் ரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். சொருகினார். கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் எழுந்தது. சாயங்காலத்துக்குள் எக்ஸ்பியும் ஏறிவிட்டது. பச்சை மேடும் நீல வானமுமாக ஒரு படம் வந்தது. பத்திரிகையைத் திறந்தால் நாற்பது பெயர்களும் புள்ளியும் கொக்கியுமாகக் கிடந்தன.

"ஊரையே கெட்ட வார்த்தைல திட்ன மாதிரி கீதேக்கா," என்றார் பாய். தமிழ் எழுத்துரு பழையதோடு அழிந்து போயிருந்தது. பீரோவிலிருந்து ஃபிளாப்பியைத் தேடி அதை ஏற்றியதும் பெயர்கள் மனிதப் பெயர்களாயின.

வெள்ளிக்கிழமை காலை ஆசை யாரை விட்டது? சும்மா பார்க்கலாம் என்று போட்டோக்களைப் போட்டேன். ஏழாவது ஆளுக்கு வாய் வந்தது, மோவாய் வந்தது. நாற்பது பேரும் வந்து உட்கார்ந்தார்கள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அப்போது வாசலில் நிழல் விழுந்தது. பங்காளிகளில் ஒருவர், கையில் போட்டோ கவரோடு. சட்டென்று மானிட்டரை அணைத்தேன்.

"எம்மூஞ்சி தாங்காதுன்னு சொன்ன மிஷினு இதானா?"

"ஆமாங்க."

"என்னுது ஒண்ணு மட்டும் போட்டுப் பாரேன். யாருக்குத் தெரியப் போவுது?"

இருட்டுத் திரைக்குப் பின்னால் அவரே முதல் வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தாங்காதுங்க."

"உள்ள இன்னாவோ ஓடிக்கினு கீதே?"

"அது... மூச்சு வாங்குதுங்க."

அவர் குனிந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். முகம் இளகியது.

"சரி, வுடு. அந்தப் பங்காளி பேருக்கு முன்னாடி 'ஆசிரியர் ஓய்வு'ன்னு போட்டுக்கினான். என் பேருக்கு முன்னாடி 'முன்னாள் வார்டு மெம்பர்'னு போட்டா அதயாச்சும் தாங்குமா?"

காய்ச்சல் பார்ப்பதுபோல் கம்ப்யூட்டர்மேல் உள்ளங்கையை வைத்து யோசித்தேன்.

"மூணு வார்த்தை ஆவுதுங்க."

"ஆவுது இல்ல?"

"தாங்கும்ங்க. மெல்ல அடிச்சா தாங்கும்."

அவரும் கையை வைத்துப் பார்த்தார். "சூடா கீது. பாத்து அடிம்மா," என்று சொல்லிவிட்டுக் கவரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார்.

அவர் சாலையைத் தாண்டும்வரை மானிட்டரைப் போடவில்லை. பிறகு நாற்பது முகங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த மூன்று வார்த்தைகளைச் சேர்த்து, காஞ்சிபுரம் பஸ் ஏறினேன்.