மண்ணெண்ணெய் வரிசையில் ஒரு முடிவு

மார்கழி மழையில் பருத்தித்துறைக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கும்போதெல்லாம் ஒரு அக்காவைக் காண்பேன். தலையில் துவாய், கையில் போத்தல், கக்கத்தில் புத்தகம். தான் வாசித்து முடித்ததை யாருடைய தலையிலாவது கட்டாமல் வீடு திரும்பமாட்டார்.

“தம்பி, இந்தக் குளிருக்குப் போர்த்துக்கொண்டு வாசிக்க இதுதான் புத்தகம். கடைசிப் பக்கங்கள் கழண்டு போச்சு. முடிவை என்னட்டைக் கேளுங்கோ.”

வாசித்துவிட்டு அடுத்த முறை கேட்டேன். கதாநாயகிக்குக் கலியாணமாம். எனக்குப் பின்னால் நின்ற தபால்காரர் திடுக்கிட்டார்.

“எனக்கு அவள் செத்துப்போனாள் எண்டெல்லோ சொன்னவா! நான் அழுதெல்லோ போட்டன்!”

அக்கா அசரவில்லை. “உங்களுக்கு அழுதால்தானே அண்ணை கதை. தம்பியின்ரை முகத்துக்குக் கலியாணந்தான் சரி.”

“அப்ப உண்மையான முடிவு என்னக்கா?”

“ஆருக்குத் தெரியும்? எனக்குக் கிடைக்கேக்கையே அந்தப் பக்கங்கள் இல்லை.”

பல வருடம் கழித்து அதே புத்தகம் முழுதாகக் கையில் கிடைத்தது. கலியாணமும் இல்லை, சாவும் இல்லை. கதை சப்பென்று முடிந்திருந்தது. அதை எழுதியவர் ஒருநாளாவது எங்கள் வரிசையில் வந்து நின்றிருக்கவேண்டும்.