செருப்பு போட்டால் ஷாக் அடிக்காதாம்!

மன்னார்குடி பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். ரப்பர் செருப்பு போட்டிருந்தால் கரண்ட் அடிக்காது என்று எட்டாம் வகுப்பே நம்பியது. அது தப்பு என்று காட்டத்தான் வீடியோ சி.டி. போட்டேன்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!" என்று எல்லோரும் கத்தினார்கள். பெருமையோடு டி.வி.யை அணைத்தேன்.

மறுவாரம் மழையில் பம்புசெட் ஒயர் அறுந்து வயலில் விழுந்திருக்கிறது. என் மாணவி கவிதாவின் அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். வயலைப் பார்ப்பது அவளும் அம்மாவும்தான். இவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய், வெறுங்கையால் ஒயரைத் தூக்கி வரப்பில் போட்டிருக்கிறாள். பம்புசெட்டுக்கு முறை வைத்து விடும் த்ரீ ஃபேஸ் கரண்ட் அன்று வராததால் பிழைத்தாள். அந்த மின்வெட்டை நாங்கள் திட்டாத நாளில்லை.

"வீடியோ பாத்தும் ஏன்டி தொட்ட?" என்று கத்தினேன்.

"அதுல லைன்மேன் ரப்பர் கிளவுஸ் போட்டுத்தானே தொட்டாரு டீச்சர்? என் செருப்பும் ரப்பர்தானே?"

தான் நம்பியதையே வீடியோவிலும் பார்த்திருக்கிறாள். அவள்மேல் வந்த ஆத்திரம் என்மேலேயே திரும்பியது. "அதான் வீடியோ போட்டாச்சே, வேறென்ன செய்யறது?" என்றார் தலைமையாசிரியர். "புள்ள செத்திருப்பா சார்!" என்று அவரிடமும் கத்தினேன்.

இப்போதெல்லாம் வீடியோவுக்கு முன்பே அவரவர் நினைப்பதை எழுத வைக்கிறேன். பாதியில் நிறுத்தி, எழுதியது சரியா என்று ஒவ்வொருவரையும் கேட்கிறேன். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்பதில்லை. அதற்கு எந்த வகுப்பிலும் ஒரே பதில்தான்.