பூதிகோட்டை ஏரிக்குப் போன நான்கு வாத்துகள்

எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் கார்த்திகை பிறந்துவிட்டால் குழாயைத் தொடவே மனம் வராது. அந்தக் குளிரில், விடிவதற்கு முன்பே, குரங்குக் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டு கல்யாணம் ஆகாத எங்கள் சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்து மர வாத்து செதுக்குவார். ஏதோ பனி கொட்டும் தேசத்தில் ஒரு கிழவர் அப்படிச் செதுக்குவதை அவர் செல்போனில் பார்த்திருந்தார். மர வாத்தைத் தண்ணீரில் விட்டால், நம்ம ஆள்தான் என்று நம்பிக் காட்டு வாத்துகள் பக்கத்தில் வந்து இறங்குமாம்.

“உள்ள வந்து செதுக்குங்களேன் தம்பி, ஜன்னி கின்னி வந்துடப் போவுது” என்பார் அம்மா.

“குளிர்ல ஒக்காந்து செஞ்சாதான் அண்ணி, வாத்து வாத்தா வரும்.”

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே ரயிலில்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போவார்கள். அப்பா ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். சித்தப்பா வழி நெடுக வாத்துக்கு உப்புத்தாள் தேய்ப்பார்.

வேலியில் வெட்டிய கல்யாண முருங்கைக் கட்டையில் அவர் மூன்று வாத்து செய்தார். மிச்சக் கட்டையில் நான் ஒன்று செய்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் வாத்து பாதி தேய்ந்த சோப்பு மாதிரி இருந்தது. ஆனாலும் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கேட்டுக்கு அடித்து மீந்த பச்சைப் பெயிண்டை நான்கின் தலையிலும் பூசினோம். அண்டாத் தண்ணீரில் விட்டதும் நான்கும் குப்புறக் கவிழ்ந்தன.

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இன்னாடா இது, உன் வாத்துங்க எல்லாம் சொரங்க ஷாஃப்ட்ல எறங்குதா? தோ பாரு, கிறிஸ்துமஸுக்குள்ள ஒரு வாத்தாவது வரணும். வர்ல, நாலும் வெந்நீர் அடுப்புக்குத்தான்.”

அப்பா சொன்னால் செய்வார். என் வாத்து எரிவதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்தப்பாவோ பதறாமல் ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு பழைய போல்ட்டை முடுக்கினார். வாத்துகள் நிமிர்ந்து மிதந்தன.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை ஸ்கூட்டரில் கிளம்பினோம். பக்கத்தில் எத்தனையோ குட்டை இருக்க, பூதிகோட்டை ஏரிதான் வேண்டும் என்றார் சித்தப்பா. அன்று அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். வாத்து பார்க்க எதற்கு இஸ்திரி என்று நான் கேட்கவில்லை.

வாத்துகளைக் கயிற்றில் கட்டி மிதக்க விட்டுக் கரையில் உட்கார்ந்தோம். ஒரு கொக்கு வந்தது, பார்த்தது, போய்விட்டது. ஒரு நாய் வந்து குரைத்தது. தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த நிஜ வாத்துகள் எங்கள் பச்சைத் தலைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு என் வாத்தின் முடிச்சு அவிழ்ந்து அது தனியாக ஆழத்தை நோக்கிப் புறப்பட்டது. நான் ஓவென்று அழுதேன்.

அப்போதுதான் ஸ்கூட்டியில் ஓர் அக்கா வந்து இறங்கினார். செருப்பை உதறிவிட்டு, முழங்காலுக்கு மேல் சுடிதார் நனைய நனைய இறங்கி என் வாத்தைப் பிடித்து வந்தார்.

“சென்னாகிதே, நல்லாருக்கே! யாரு செஞ்சது இது?”

“நான்தான்.”

“இருக்கிறதிலயே இதுதான் வாத்து. மத்த மூணும் கத்திரிக்கா.”

மூன்றையும் செய்தவருக்குக் கோபம் வரவில்லை. ஈயென்று இளித்துக்கொண்டிருந்தார். அக்கா ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். எனக்கு மட்டும் காகிதத்தில் மடித்து வந்த சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். வெயில் ஏறும்வரை இருவரும் பேசினார்கள். ஏரிப் பக்கம் பார்த்தது நான் ஒருத்திதான்.

வழியெல்லாம் சித்தப்பா பாட்டுப் பாடினார். தோற்றுப்போனவருக்கு என்ன பாட்டு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார்: “எத்தினி வந்துச்சு?”

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள், எப்படியாவது என் வாத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று நானே கொட்டிவிட்டேன். “வாத்து வர்லப்பா. ஆனா ஒரு அக்கா வந்தாங்க! பூதிகோட்டை அவங்க ஊருதான். தண்ணில எறங்கி என் வாத்த எடுத்துக் குடுத்தாங்க. சித்தப்பாவுக்குச் சர்க்கர இல்லாத டீ போட்டுனு வந்தாங்க. பங்காருபேட்டைல தெனமும் இவங்க ரயில்லதான் ஏறுறாங்களாம்!”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். சித்தப்பா குல்லாயை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

“நானும் தெனம் அந்த ரயில்லதானடா போறேன்!” என்றார் அப்பா.

“நீங்கதான் தூங்கிடுவீங்களே” என்றார் அம்மா.

ஒரு வாத்தும் அடுப்புக்குப் போகவில்லை. கிறிஸ்துமஸ் குடிலில், பனிக்காகப் பரப்பிய பஞ்சின் மேல், ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே அப்பாவே நான்கையும் நிறுத்தினார். என்னுடையது முன்னால். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அன்று மதியம் அம்மா சித்தப்பாவின் தட்டில் மேலும் மேலும் கேசரியை வைத்தாரே, அதுதான் புரியவில்லை. ஒரு மாதம் குளிரில் நடுங்கியும் ஒற்றை வாத்தைக்கூட வரவழைக்கத் தெரியாதவருக்கு எதற்கு இத்தனை கேசரி?