கதவில் ஐந்து மேடுகள்

ஊரில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு அவர்தான் பெயிண்ட் அடித்தார் என்று சொன்னால் அது பொய். கால்வாசி என்றால் ஒத்துக்கொள்ளலாம். ‘வழவழா’ என்பது அவருடைய பட்டப்பெயர். பேச்சு அப்படி இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். வேலைதான் வழவழப்பு. பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது என்பது அவர் கட்சி. மணல் அளவு ஏதாவது தட்டுப்பட்டாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வண்டிக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

முப்பது வருஷம் ஊரார் வண்டிகளைத் தடவிக்கொடுத்தவர், ஐம்பத்திரண்டு வயதில்தான் தனக்கென்று ஒன்று வாங்கினார். தரகர் கொண்டுவந்த பழைய கார். வைத்திருந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டாராம். மனைவி அதை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்துவிட்டு, இவருக்கு ஏற்ற ஜோடிதான் என்றாள்.

வண்டியில் சில விசித்திரங்கள் இருந்தன. ரேடியோக் குமிழில் நூல் சுற்றியிருந்தது. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருபவர் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காணோம். அந்தப் பக்கத்துக் கதவில், கைப்பிடிக்குக் கீழே, பட்டாணி அளவில் வரிசையாக ஐந்து மேடுகள். உள்ளேயிருந்து யாரோ தட்டியிருக்கிறார்கள். எந்த வால் பிள்ளை செய்த வேலையோ என்று திட்டிக்கொண்டே அவற்றைத் தட்டி அமுக்கி, பட்டி வைத்து, மூன்று நாள் தேய்த்தார். நூலை அறுத்துப் போட்டார். கடைசியில் கண்ணை மூடித் தடவியபோது கை எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

பெயர் மாற்றும் படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. இறந்தவரின் மனைவியிடம் நேரில் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லித் தரகர் கழன்றுகொண்டார். பளபளக்கும் காரை வாசலில் நிறுத்திவிட்டு இவர் மணியை அடித்தார். கதவைத் திறந்த அம்மாள் சுவரைத் தொட்டபடியே நடந்து நாற்காலியைக் காட்டினார். பார்வை இல்லை. உட்காரும்போதே பெயிண்டருக்கு ரேடியோக் குமிழில் அறுத்துப் போட்ட அந்த நூல் ஞாபகம் வந்தது.

அந்த அம்மாள் தானாகவே பேசினார். கணவர் தபால் ஆபீஸில் முத்திரை குத்தியே காலம் தள்ளியவராம். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அம்மாளுக்குக் கண் போய்விட்டது. பிரயோஜனமில்லாத கண்ணாடி எதற்கு என்று காரில் இருந்ததைக் கணவரே கழற்றி எறிந்தாராம். ஒருநாள் கடைவீதியில் வேறு யாருடைய காரின் கதவையோ திறந்து அம்மாள் உட்கார்ந்துவிட, பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மறுநாளே கணவர் கதவின் உள்பலகையைக் கழற்றினார்.

“அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னுதான் எப்பவும் சொல்லிட்டுப் போவார். அதான் அஞ்சு மேடு. தொட்டுப் பாத்துட்டு ஏறிக்கோன்னார்” என்று சிரித்தார். “வண்டி சத்தம் கேட்டுச்சு. ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா தம்பி?”

பெயிண்டர் தான் செய்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தைரியம் வரவில்லை.

“பெயிண்ட் இன்னும் காயலைம்மா. தொட்டா கையில ஒட்டிக்கும். அடுத்த வாரம் கொண்டு வரேன்.”

படிவத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, வெயிலில் காய்ந்து மின்னிக்கொண்டிருந்த காரில் ஏறி வீட்டுக்கு வந்தார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார். மறுநாள் தானே உள்பலகையைக் கழற்றினார். மேடுகள் எங்கே இருந்தன, எவ்வளவு இடைவெளி என்று கை நினைவு வைத்திருந்தது. அளவுகோல் வைத்துக் குறித்து, ஒவ்வொன்றாகத் தட்டி, மேலே மறுபடி பெயிண்ட் அடித்தார். கண்ணை மூடித் தடவினார். ஐந்தும் சரியாக இருந்தன.

சொன்னபடி அடுத்த வாரம் போனார். அம்மாள் காரைச் சுற்றிக் கை வைத்து நடந்து, அந்தக் கதவுக்கு வந்தார். விரல்கள் கைப்பிடிக்குக் கீழே இறங்கின. ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு எண்ணியது. நான்காவதில் விரல் நின்றது. கீழே இறங்கித் தேடியது. மறுபடி முதலிலிருந்து எண்ணி, மறுபடி அங்கேயே நின்றது.

“நாலாவது கொஞ்சம் கீழ இறங்கி இருக்கும் தம்பி” என்றார் மெதுவாக. “சுத்தியல் வழுக்கிடுச்சுன்னு அன்னைக்கு முழுக்கப் புலம்பிட்டிருந்தார். இது அஞ்சும் ஒரே நேரா இருக்கு.”

பெயிண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. கதவைத் தட்டிக்கொடுத்தார்.

“வேலை சுத்தமா இருக்கு. கைதேர்ந்தவர்தான் நீங்க” என்று சொல்லிவிட்டு, வேலியைத் தொட்டபடி வீட்டுக்குள் போனார்.