ஒத்துப்போகிறது

என் மனைவியை உறவுக்காரர்கள் நூலக்கா என்பார்கள். நூலகத்தில் வேலை என்று நினைத்துப் பரீட்சைக்குப் புத்தகம் கேட்டு வந்தவர்களும் உண்டு. அவள் வேலை செய்வது தடயவியல் ஆய்வகத்தில். வழக்குக்கு வரும் துணிகளில் டேப்பை ஒட்டி எடுத்து, அதில் சிக்கும் இழைகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். வீட்டிலும் சும்மா இருக்க மாட்டாள். வந்தவர்கள் தோளிலிருந்து பஞ்சைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடிப்பாள். "இவளோட ஒத்துப்போறது கஷ்டம்டா" என்று அம்மா என்னிடம் சலித்துக்கொள்வார்.

வேடிக்கை என்னவென்றால், அவளுடைய அறிக்கைகள் முடிவதே அந்தச் சொல்லில்தான். 'இந்த இழை அந்தத் துணியோடு ஒத்துப்போகிறது' என்று எழுதுவாள். 'அதிலிருந்து வந்தது' என்று எழுதவே மாட்டாள்.

ஒரு கிடங்கில் கணக்கரை யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். வாட்ச்மேனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். கணக்கர் சட்டையில் கிடைத்தது ஒரே ஒரு ஊதா இழை. நிறம், தடிமன், சாயம் எல்லாம் வாட்ச்மேனின் ஸ்வெட்டரோடு ஒத்துப்போனது. அவனுக்கு எதிராக வேறு சாட்சி இல்லை. அறிக்கையில் இவள் கையெழுத்துதான் பாக்கி.

அன்று மாலை வேலை முடிந்து என் ஸ்கூட்டரிலிருந்து இறங்கியவள், என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. ஊரார் தோளையெல்லாம் துருவுகிறவள், ஒரு மாதமாக நான் போட்டிருந்த ஊதா ஸ்வெட்டரை அப்போதுதான் பார்த்தாள்.

"இதை எங்க வாங்கினீங்க?"

"பஸ் ஸ்டாண்ட்ல குவிச்சு வச்சு வித்தாங்க. பாதிப் பேர் இதைத்தான் போட்டிருக்காங்க."

"கழட்டுங்க."

மறுநாள் ஆய்வகத்தில் சோதித்தாள். அதுவும் ஒத்துப்போனது. தினமும் என் முதுகில் சாய்ந்து வேலைக்குப் போகிறவள் அவள். அந்த இழை, சோதிக்கும்போது அவள் உடையிலிருந்தே கணக்கர் சட்டையில் விழுந்திருக்கலாம். அதையும் அறிக்கையில் சேர்த்தாள்.

"உங்க பேரும் கெடும், ஆபீஸ் பேரும் கெடும். கொஞ்சம் ஒத்துப்போங்கம்மா" என்றாராம் மேலதிகாரி.

"இழைதான் சார் ஒத்துப்போகுது. நான் எப்படிப் போறது?"

வாட்ச்மேன் வெளியே வந்தான். இவளை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அவனே செஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"செஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியாது. நீங்க அன்னிக்கு அந்தக் கிடங்கு வழியா வந்திருந்தா?"

அந்தக் கிடங்கு நான் தினமும் வரும் வழியில்தான் இருக்கிறது.

வீட்டுக்குள் போய் அம்மாவிடம் சொன்னேன்: "இனிமே அவளை ஒத்துப்போகச் சொல்லாதம்மா."